லட்லோவுக்கு இரண்டு நாள் போதுமா?

#1 புதுக்குடியான்

வணக்கம். பர்மிங்காமுக்கு வேலைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். லண்டனை இரண்டு நாள் சுற்றிக் காட்டிவிடுவேன். அதற்கு மேல் அந்தக் கூட்டத்தில் அவர்களை இழுத்துக்கொண்டு அலைய எனக்குத் தெம்பில்லை. சின்னதாக, பழையதாக, நடந்தே பார்த்துவிடும்படி ஓர் ஊர் வேண்டும். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஷ்ராப்ஷயரில் உள்ள லட்லோவைச் சொன்னார். இணையத்தில் தேடினால் ஒரு கோட்டை, ஒரு தேவாலயம், நிறையப் பன்றிக்கறிக் கடைகள் தெரிகின்றன. நாங்கள் மூவரும் சைவம்.

இரண்டு நாள் போதுமா, அதுவே அதிகமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. மேடு பள்ளம் உண்டா? அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எங்கேயாவது ஒரு பலகை நட்டிருந்தால் கடைசி எழுத்துவரை படிக்காமல் நகரமாட்டார். அவருக்கு அங்கே தீனி கிடைக்குமா?

#2 கடைசிபெஞ்சு

இங்கிலாந்தில் ஒரு சந்தை ஊரைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. நடுவில் சதுக்கம், ஓரத்தில் தேவாலயம், நாலு தேநீர்க்கடை, பழைய சட்டையும் பீங்கான் நாயும் விற்கிற நாற்பது கடைகள். இதற்கு எதற்கு இரண்டு நாள்? காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

#3 மருதநிழல்

மேலே சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். நான் ஷ்ரூஸ்பரியில் பதின்மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். அங்கிருந்து லட்லோ ரயிலில் அரை மணி நேரம்தான். எத்தனை முறை போயிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

பலகை படிக்கிற அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. பதினோராயிரம் பேர்போல வசிக்கிற ஊர். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் ஏறக்குறைய 500. ஆனால் கட்டடங்களைப் பார்க்கும் முன்னால் ஊரின் வரைபடத்தை அவரிடம் கொடுங்கள். உண்மையான கதை அதில்தான் இருக்கிறது.

ஊர் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கு முனையில் கோட்டை. கிழக்கு முனையில் புல் ரிங் என்கிற பழைய மாட்டுச் சந்தை. 12ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஓர் அகலமான சந்தைத் தெரு. வியாபாரிகள் வந்து கடை விரித்தார்கள். சாயங்காலம் பிரித்துக்கொண்டு போகவேண்டிய கடையைப் பிரிக்காமல் விட்டார்கள். பிறகு நான்கு கால் நட்டார்கள், சட்டம் அடித்தார்கள், மாடி எழுப்பினார்கள். சுருக்கமாகச் சொன்னால் ஆக்கிரமிப்பு. தெருவின் நடுவிலேயே வரிசை வரிசையாக வீடுகள் முளைத்து, அந்த அகலத் தெரு ஒன்றையொன்று உரசுகிற சந்துகளாகப் பிளந்துவிட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் ‘ஆகா, என்ன அழகான குறுகிய சந்து’ என்று படமெடுக்கிறார்களே, அவையெல்லாம் எண்ணூறு ஆண்டுப் பழமையான நடைபாதைக் கடைகள்தான்.

பழைய சந்தைத் தெருவில் ஆக்கிரமிக்கப்படாமல் மிஞ்சியது கோட்டை வாசலில் இருக்கும் காஸில் ஸ்கொயர். அதிலும் 1887இல் செங்கல்லில் பெரிய சந்தைக் கூடம் ஒன்றைக் கட்டி அடைத்தார்கள். அது அழகில்லை என்று நூறாண்டு திட்டிக்கொண்டே இருந்துவிட்டு 1986இல் இடித்தார்கள். இப்போது திறந்தவெளிச் சந்தை. திங்கள், புதன், வெள்ளி, சனி கூடும். செவ்வாய், வியாழனில் போய்விட்டு ‘ஊர் தூங்குகிறது’ என்று இங்கே வந்து எழுதாதீர்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு: மேட்டின் முதுகு பெரும்பாலும் சமதளம். சதுக்கம், தேவாலயம், கோட்டையின் வெளிமுற்றம், பட்டர்கிராஸ் என்கிற வெண்ணெய் மண்டபம் எல்லாம் சிரமமில்லாமல் பார்க்கலாம். (பட்டர்கிராஸ் 1740களில் கட்டியது. கீழே தூண்களுக்கு நடுவே வெண்ணெய் விற்றார்கள். அதனால் அந்தப் பெயர்.) அங்கிருந்து தெற்கே இறங்குகிற பிராட் ஸ்ட்ரீட்டை மேலே நின்று பார்த்தாலே போதும். இறங்கினால் ஏறவேண்டும். தேவாலயக் கோபுரம் 135 அடி, படிகள் இருநூறு. அது அப்பாவுக்கும் வேண்டாம்.

#4 ஈழவாணி

நான் பக்கத்தில் ஹெரிஃபோர்டில் இருக்கிறேன். தம்பி, சைவச் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சந்தையில் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் பழமும் கிடைக்கும். தேநீர்க்கடைகளில் இறைச்சி இல்லாத சூப்பும் சுட்ட உருளைக்கிழங்கும் உண்டு. இறைச்சிக் கடைகளைத் தாண்டித்தான் போகவேண்டும். குளிர்காலம் நெருங்கினால் வாசலில் காட்டுக்கோழிகளை இறகோடு தொங்கவிடுவார்கள். அம்மாவைக் கொஞ்சம் முன்கூட்டியே தயார்ப்படுத்திவிடுங்கள். 1995இலிருந்து அங்கே உணவுத் திருவிழா நடக்கிறது. வழக்கமாகச் செப்டம்பரில்தான். அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் ஒன்றைத் தவறவிடாதீர்கள். பாடகர் பகுதியில் மரத்தாலான மடக்கு இருக்கைகள் 28 இருக்கின்றன. நெடுநேரம் நின்று ஜெபிக்கிற பாதிரிமார் லேசாகச் சாய்ந்துகொள்ள, இருக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன விளிம்பு வைத்திருப்பார்கள். அந்த விளிம்புக்குக் கீழே 15ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் தங்கள் குறும்பையெல்லாம் செதுக்கி வைத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அளவு குறைத்து ஊற்றிய மதுக்கடைக்காரியின் கதி. ஒரு பேய் அவளைத் தலைகீழாகத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறது. அவள் உடம்பில் துணியில்லை. தலையில் அந்தக் காலத்து ஆடம்பரக் கொண்டை மட்டும் அப்படியே இருக்கிறது. கையில் அந்தக் கள்ள அளவுக் குவளையையும் விடவில்லை. இன்னொரு பேய் பேக்பைப் என்கிற தோல்பைக் குழலை ஊதி வழியனுப்புகிறது. மூன்றாவது பேய் சுருளை விரித்து அவள் குற்றப்பட்டியலை வாசிக்கிறது. வலது ஓரத்தில் நரகம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது. எல்லாம் ஒரு சாண் பலகைக்குள். சந்தை ஊருக்கு எது மகாபாவம் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

#5 நெல்லைச்சீமை

எல்லாரும் வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று பேசுகிறீர்கள். வரலாற்று ஆசிரியரை அழைத்துப்போகிறார், அதுவும் திருநெல்வேலிக்காரரை. முக்கியமான சங்கதியை ஒருவரும் சொல்லவில்லையே.

அந்தக் கோட்டையை 1811இல் அரசிடமிருந்து வாங்கியவர் யார் தெரியுமா? எட்வர்ட் கிளைவ். ஆர்க்காட்டையும் பிளாசியையும் பிடித்த ராபர்ட் கிளைவின் மூத்த மகன். 1774இலிருந்து இருபது ஆண்டுகள் லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர். 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தது 1799 மே. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது அதே ஆண்டு அக்டோபர் 16. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர். எல்லாம் இவர் மதராஸ் கோட்டையில் கவர்னராக உட்கார்ந்திருந்தபோது நடந்தவை. லட்லோ கோட்டை இன்றும் அந்த வம்சத்தின் கையில்தான் இருக்கிறது. டிக்கெட் வாங்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் அழகுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

#6 மருதநிழல்

நண்பரே, நீங்கள் சொன்ன ஆண்டுகள் எல்லாம் சரி. கடைசி வரி மட்டும் சரியில்லை. எனக்கும் கிளைவ் வம்சத்தின்மேல் பாசம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் கணக்கைக் கலக்கக்கூடாது.

கோட்டையை லேசி என்கிற நார்மன் குடும்பம் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கியது. வேல்ஸ் எல்லையைக் காவல் காக்க. ஊரை வளர்த்தது செம்மறியாடு. சுற்றியுள்ள மலைகளின் கம்பளியும், டீம் ஆற்றங்கரை ஆலைகளில் அடித்து இறுக்கிய துணியும். அதன்பிறகு வேல்ஸையும் எல்லை மாவட்டங்களையும் ஆண்ட அரச மன்றம் இந்தக் கோட்டையில் உட்கார்ந்தது. வழக்கறிஞர்களும் எழுத்தர்களும் வழக்காட வந்தவர்களும் தங்கிய விடுதிகளால் ஊர் கொழுத்தது. 1619இல் முகப்புக் கட்டிய ஃபெதர்ஸ் விடுதியும் முதலில் ஒரு வழக்கறிஞரின் வீடுதான். அந்த மன்றத்தை 1689இல் கலைத்தார்கள். கோட்டையில் யாரும் இல்லை. அடுத்த நூற்றாண்டில் கூரையின் ஈயத் தகடுகளைப் பெயர்த்தெடுத்தார்கள். மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ஒரு கட்டத்தில் இடித்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். இடிக்கிற செலவு கல்லின் விலையைவிட அதிகம் என்று விட்டுவிட்டார்கள்.

எட்வர்ட் கிளைவ் வாங்கியது அந்தக் கூரையில்லாத சுவர்களைத்தான். அதுவும் வானத்திலிருந்து குதித்து வாங்கவில்லை. கோட்டையை ஏற்கெனவே குத்தகைக்கு வைத்திருந்தது அவருடைய மனைவி ஹென்ரியட்டாவின் பிறந்த வீடான போவிஸ் குடும்பம். மைத்துனர் வாரிசில்லாமல் 1801இல் இறந்துபோகவே, சொத்தும் பிறகு பட்டமும் இந்தப் பக்கம் வந்தன.

பிராட் ஸ்ட்ரீட்டின் செங்கல் முகப்புகளைக் கேட்டால், அவை 18ஆம் நூற்றாண்டுச் சுற்றுவட்டாரக் கனவான்கள் போட்ட முகப்பூச்சு. பல வீடுகளில் பின்னால் போய்ப் பார்த்தால் பழைய மரச்சட்டம் அப்படியே இருக்கும். அக்காலத்தில் ஊரின் பெரிய தொழில் கையுறை தைப்பது. நெப்போலியன் போர்கள் முடிந்தபின் அந்தத் தொழில் படுத்துவிட்டது. ஊரும் படுத்துவிட்டது. புதிதாக இடித்துக் கட்ட ஒருவரிடமும் காசில்லை. அதனால்தான் நாம் பார்க்க இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது என் கட்சி. பர்மிங்காம்போலப் பணம் கொழித்திருந்தால் எப்போதோ இடித்திருப்பார்கள்.

#7 நெல்லைச்சீமை

உங்கள் கணக்கில் எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். சுவர் கம்பளியால் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லட்லோவுக்கு மூன்று மைல்போலத் தள்ளி, பிராம்ஃபீல்ட் பக்கத்தில் ஓக்லி பார்க் என்று ஒரு பெரிய பண்ணை நிலம் இருக்கிறதே, அதை 1770களின் தொடக்கத்தில் போவிஸ் குடும்பத்திடமிருந்து ராபர்ட் கிளைவே வாங்கினார். அந்தப் பணம் ஆடு மேய்த்துச் சம்பாதித்ததா? நிலம் வாங்கினால் அந்த வட்டாரத்தின் ஓட்டும் கூடவே வரும் என்ற காலம் அது. மகன் இருபதாவது வயதில் லட்லோவின் உறுப்பினரானது இப்படித்தான்.

இன்னொன்று. சென்னையில் நாம் ராஜாஜி மண்டபம் என்கிறோமே, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி மூவரின் உடலையும் மக்கள் பார்வைக்கு வைத்த இடம், அது இதே எட்வர்ட் கிளைவ் கட்டிய விருந்து மண்டபம். பிளாசி வெற்றிக்கும் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்கும் நினைவாக. 1802இல் முடிந்தது. கட்டிய பொறியாளர் கோல்டிங்காம் மதராஸ் வான் ஆய்வகத்தையும் கவனித்துக்கொண்டவர். அப்பாவிடம் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

#8 கடைசிபெஞ்சு

கேட்டவர் முழங்கால் வலிக்கு வழி கேட்டார். நீங்கள் இருவரும் பாளையக்காரர் போரை மறுபடியும் நடத்துகிறீர்கள்.

#9 ஈழவாணி

நடக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது. ஹென்ரியட்டா பெயரை எடுத்ததால் சொல்கிறேன். அந்த அம்மையார் கணவரை மதராஸில் விட்டுவிட்டு, 1800இல் இரண்டு பெண் பிள்ளைகளோடு வேலூர், ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றினார். இளையவள் சார்லட்டுக்கு அப்போது வயது பன்னிரண்டு, பதின்மூன்றுதான் இருக்கும். அவள் நாட்குறிப்பு எழுதினாள். பெரியவளானபின் அவள்தான் விக்டோரியா அரசியின் சிறுவயதில் அவருக்கு ஆசானாக அமர்ந்தாள். திப்புவின் கூடாரம் இப்போது அதே குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த போவிஸ் கோட்டையில் இருக்கிறது, வேல்ஸில். லட்லோவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அப்பா கட்டாயம் கேட்பார், மூன்றாவது நாள் ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.

#10 கொங்குக்கல்

தாமதமாக வருகிறேன். முப்பதாண்டு நிலவியல் பாடம் எடுத்தவன். நீங்கள் எண்ணூறு ஆண்டுக் கதையைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஊரின் பெரிய பெருமை 42 கோடி ஆண்டுப் பழையது.

உலகம் முழுவதும் நிலவியல் புத்தகங்களில் சிலூரியன் காலத்தின் ஒரு பகுதிக்குப் பெயரே லட்லோ. 1830களில் ராடரிக் மர்ச்சிசன் இந்தப் பகுதிப் பாறைகளை அடுக்கடுக்காகப் பிரித்து எழுதியதால் வந்த பெருமை. ஊரின் தெற்கே லட்ஃபோர்ட் பாலம். இடைக்காலத்துக் கல் பாலம், ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிதான் போகலாம். அதைத் தாண்டியதும் சாலை முனையில் ஒரு பாறை முகம் தெரியும். கண் மட்டத்துக்குக் கீழே, விரல் கனம்கூட இல்லாத ஒரு பழுப்பு அடுக்கு பாறைக்குள் குடைந்தாற்போல உள்வாங்கியிருக்கும். அதுதான் லட்லோ எலும்பு அடுக்கு. பழங்கால மீன்களின் செதில், முள், பல் எல்லாம் நொறுங்கிச் சேர்ந்தது. அடுக்கு உள்வாங்கியதற்குக் காரணம் மழையல்ல. ஒன்றரை நூற்றாண்டாக என்னைப்போன்ற ஆசாமிகள் தோண்டித் தோண்டி எடுத்துவிட்டோம். இப்போது சுத்தியல் வைக்கக்கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம்.

அதே இடத்துப் பாறையைக் கரைத்துப் பார்த்ததில்தான் சிலந்தியின் தூரத்து உறவான ஒரு பூச்சியும் பூரானும் கிடைத்தன என்று 1990இல் வெளியிட்டார்கள். தரையில் நடந்த விலங்குகளின் ஆகப் பழைய தடயங்களில் அவை சேரும். உயிர் கடலைவிட்டு நிலத்தில் ஏறிய கதைக்குச் சாட்சி, ஒரு சாலை வளைவில் லாரிப் புகையில் நின்றுகொண்டிருக்கிறது. ஒரு கிராமத்துக் கோயிலுக்கு இருக்கிற வேலிகூட இல்லை.

#11 புதுக்குடியான்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. இரண்டு இரவு அறை போட்டுவிட்டேன், வெள்ளி, சனி. காருக்குப் பதில் ரயிலில் போகலாமா? சுற்றுப்புறத்தில் ஒன்றே ஒன்று பார்க்கவேண்டும் என்றால் எது?

#12 மருதநிழல்

ரயில் நல்லது. ஷ்ரூஸ்பரியிலோ ஹெரிஃபோர்டிலோ மாறவேண்டும். திரும்பும்போது கடைசி ரயிலை நம்பாதீர்கள். ஒரு ஞாயிறு இரவு அது ரத்தானது தெரியாமல் நடைமேடையில் நின்று, மனைவியின் அர்ச்சனையோடு டாக்சியில் வீடு சேர்ந்தவன் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று என்றால் ஸ்டோக்சே. லட்லோவுக்கு அடுத்த நிறுத்தமான கிரேவன் ஆர்ம்ஸில் இறங்கி ஒரு மைல். கோட்டை என்பார்கள், உண்மையில் பணக்கார வியாபாரியின் வீடு. லட்லோ லாரன்ஸ் என்கிற கம்பளி வியாபாரி 1281இல் வாங்கி, 1291இல் மதில் கட்ட அரசரிடம் அனுமதி பெற்றார். உயரமான மரக்கூரையோடு கூடம் அப்படியே நிற்கிறது. எதிரே பிற்காலத்து மஞ்சள் மரச்சட்ட வாயில் வீடு. பின்னால் குளம், செம்மறியாடு.

அந்த லாரன்ஸ் கதை அப்பாவுக்கு. போருக்குப் பணம் வேண்டும் என்று அரசர் முதலாம் எட்வர்ட் கம்பளிமேல் கடும் வரி போட்டார். அதற்குத் துணைபோனவர் இவர். வியாபாரி கொடுத்த வரியை உற்பத்தி செய்தவர் தலையில்தானே கட்டுவார்கள்? ஆடு வளர்த்தவர்களுக்குக் கிடைத்த விலை விழுந்தது. 1294இல் கம்பளி ஏற்றிய கப்பலோடு லாரன்ஸ் கடலில் மூழ்கினார். கம்பளிக்காரர்களுக்குச் செய்த பாவம் கம்பளிக் கப்பலிலேயே பிடித்துக்கொண்டது என்று டன்ஸ்டபிள் மடத்துத் துறவி குறித்துவைத்தார். அந்த மடத்துக்கும் ஆட்டு மந்தை இருந்தது என்பதைச் சேர்த்துப் படிக்கவேண்டும்.

#13 நெல்லைச்சீமை

ஆட்டுக்காரன் கணக்கும் ஒருவன் பாவக்கணக்குதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

#14 மருதநிழல்

:) ஒப்புக்கொண்டேன்.

#15 புதுக்குடியான்

(செப்டம்பர் இறுதி) போய்வந்தோம். கடமைக்காக எழுதுகிறேன்.

இரண்டு நாள் போதவில்லை, குற்றவாளி அப்பா. கோட்டையில் மட்டும் மூன்றரை மணி நேரம். 1502 ஏப்ரலில் பதினைந்து வயது இளவரசர் ஆர்தர் இறந்த இடம், அதனால்தான் தம்பி எட்டாம் ஹென்றி அண்ணியை மணந்து பிறகு அவ்வளவு ரகளையும் நடந்தது என்று அம்மாவுக்கு வகுப்பு எடுத்தார். 1483இல் ஐந்தாம் எட்வர்ட் என்கிற பன்னிரண்டு வயதுப் பையன் இங்கிருந்துதான் முடிசூட லண்டனுக்குப் புறப்பட்டான், முடியும் சூடவில்லை, திரும்பவும் இல்லை என்று சொன்னபோது அம்மா, “பெற்றவள் எங்கே போனாள்?” என்று மட்டும் கேட்டார். வட்ட வடிவச் சிற்றாலயத்துக்குள் நாங்கள் மூவர் மட்டும். மேலே கூரையில்லை, வானம்தான்.

நெல்லைச்சீமை ஐயா, உங்கள் பதிவை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். உள்முற்றத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801இல் இவர் ஆட்சியில்தான் மண்ணோடு மண்ணாக்கினார்கள். பத்து வருஷம் கழித்து இங்கே இடிந்த கோட்டையைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பலகையைப் படிக்கப் போய்விட்டார்.

மதுக்கடைக்காரியைக் கண்டுபிடித்தோம். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, எங்கள் தெருப் பால்காரரின் பெயரைச் சொன்னார்.

#16 ஈழவாணி

அம்மா சந்தையில் என்ன வாங்கினார்?

#17 புதுக்குடியான்

அதை எழுத மறந்துவிட்டேன். சனிக்கிழமை சதுக்கத்தில் ஒரு கடையில் கருநீலமாகச் சின்னப் பழம் குவித்திருந்தார்கள். நாவற்பழம் என்று நினைத்து அம்மா ஒன்றை வாயில் போட்டார். முகம் கோணிவிட்டது. டாம்சன் என்றார் கடைக்காரப் பெண்மணி, இந்த ஊர் வகை, ஜாம் போடுவதற்கு. அம்மா இரண்டு கிலோ வாங்கிவிட்டார். இப்போது என் சமையலறையில் நல்லெண்ணெய், வெந்தயம், மிளகாய்த்தூளோடு தொக்காகிக்கொண்டிருக்கிறது. மாங்காய்த் தொக்குக்குப் பக்கத்தில் வைக்கலாம், நிறம்தான் மையூற்றியதுபோல. ஒரே தொல்லை, கொட்டை சதையைவிட்டு வரமாட்டேன் என்கிறது. அப்பா கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார்.

#18 ஈழவாணி

கத்தியை வாங்கி வையுங்கள் தம்பி. கொட்டையோடு வேகவிடுங்கள். சதை கரைந்ததும் அவை தாமே மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம்.

#19 கடைசிபெஞ்சு

தொக்கு அளவைச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் போகிறேன்.